மடையன் யார்?

சிதம்பரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். என் கதைகளைப் பொறுமையோடு படிக்கிற சிலரில் அவரும் ஒருவர் என்பதால் அவர் சொல்லுக்கு என்னிடம் எப்போதும் மரியாதை உண்டு. என் மோட்டார் சைக்கிளுக்கு நேர்ந்த கதியைக் கேள்விப்பட்டு அவர் அனுதாபத்தோடு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதன் முடிவில் இப்படி ஒரு வாக்கியம்: “நாலு எழுத்துப் படிக்காத பயல்களிடம் யந்திரத்தைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். மடையன் கையில் ஸ்பேனரைக் கொடுத்தது உங்கள் தப்பு.”

என் தப்பு என்கிற வரையில் நண்பர் சொல்வது சரி. மற்றதெல்லாம் தவறு. அது அவர் ஒருவருடைய தவறாக இருந்தால் பதில் கடிதம் எழுதியதோடு நிறுத்திக்கொண்டிருப்பேன். படித்தவர்கள் என்று நம்மை நாமே சொல்லிக்கொள்கிற எல்லோருடைய தவறாகவும் இருப்பதால் இதைப் பத்திரிகையில் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காட்டுமன்னார்கோயிலில் என் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பழைய புல்லட் நிற்கிறது. 1984-ல் என் தகப்பனார் வாங்கியது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள். அப்பா இருந்தவரையில் அதை வேறு யாரும் தொட்டதில்லை. அவர் போன பிறகு அது எனக்கு வந்தது. வண்டி வந்ததே தவிர, வண்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது எதுவும் எனக்கு வரவில்லை.

போன ஆனி மாதத்திலிருந்து புரட்டாசி வரையில் நான் ஒரு நாவலில் முழுகிக் கிடந்தேன். வண்டியைக் கிளப்பவே இல்லை. புரட்டாசிக் கடைசியில் சிதம்பரத்தில் ஒரு கலியாண வரவேற்புக்குப் போகவேண்டியிருந்தது. காலையில் ஆயில் மாற்றிவிட்டுச் சாயங்காலம் கிளம்பலாம் என்று வழக்கமான பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் சாமான் வாங்க வெளியே போயிருந்தார். அவரிடம் இரண்டு வருஷமாக வேலை பழகுகிற பையன் மட்டும் இருந்தான். பத்தொன்பது வயசு இருக்கும். பத்தாவது வரையில் தமிழில் படித்தவன். அவன் கை பழகியதெல்லாம் இப்போது தெருவில் ஓடுகிற நூறு சி.சி. வண்டிகளில். அவற்றில் இஞ்சினுக்கு அடியில் ஒரே ஒரு ட்ரெயின் பிளக். கழற்றினால் ஆயில் வடியும், மாட்டினால் நிற்கும். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை.

பழைய புல்லட் அப்படியல்ல. அதற்குள் மூன்று தனித்தனி வீடுகள் உண்டு. இஞ்சின் ஒரு வீடு, கிளட்சும் செயினும் இருக்கிற பெட்டி இன்னொரு வீடு, கியர் பாக்ஸ் மூன்றாவது வீடு. மூன்றுக்கும் வேறு வேறு எண்ணெய், வேறு வேறு அளவு. இஞ்சின் ஒன்றுக்கே அடியில் இரண்டு பிளக்குகள். இஞ்சினின் வயிற்றுப் பள்ளத்துக்கு ஒன்று, அதன் பின்பாகத்திலேயே வார்த்துவிட்டிருக்கும் எண்ணெய்த் தொட்டிக்கு ஒன்று. அதற்கும் பின்னால் போனால் கியர் பாக்ஸின் பிளக். கீழே படுத்துப் பார்க்கிறவனுக்கு எல்லாம் அழுக்கும் கிரீஸும் பூசிய தலைகள். எது எந்த வீட்டுக் கதவு என்று எதிலும் எழுதியிருப்பதில்லை.

பையன் கழற்றியது கியர் பாக்ஸின் பிளக்கை.

வடிந்தது அரை லிட்டருக்கு அருகேதான் இருக்கும். “கொஞ்சமாத்தான் வருது சார்” என்றான். அளவுக் குச்சியை உருவிப் பார்த்தான். அதில் எண்ணெயே ஒட்டவில்லை. அதனால், வண்டியில் எண்ணெய் வற்றிப் போயிருந்தது, இருந்தது இவ்வளவுதான் என்று அவன் முடிவு செய்தான். பிளக்கை மூடி, புதிய ஆயிலை இஞ்சினில் ஊற்றினான். கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் போயிற்று. அவனுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

அளவுக் குச்சி ஏன் பொய் சொன்னது? இந்தப் பழைய இஞ்சினைத் தெரிந்தவர்களுக்கு அது ரகசியமே அல்ல. தொட்டியில் இருக்கும் எண்ணெயைப் பம்பு இஞ்சினுக்குள் செலுத்தும். இன்னொரு பம்பு அதைத் திரும்பத் தொட்டிக்கே கொண்டுவந்து சேர்க்கும். வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் தொட்டியின் எண்ணெய் பம்பின் இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்து இஞ்சினின் வயிற்றில் தேங்கிவிடும். தொட்டி காலியாகத் தெரியும். எண்ணெய் எங்கேயும் போய்விடவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் ஓடவிட்டால் திரும்ப வந்துவிடும். அதற்குப் பிறகுதான் குச்சியை நம்ப வேண்டும். எண்ணெயும் சூடான பிறகுதான் அழுக்கோடு சேர்ந்து நன்றாக வடியும்.

சாயங்காலம் கிளம்பினேன். உதைத்ததும் வெள்ளைப் புகை தெருவை மறைத்தது. வயிற்றில் கிடந்த பழைய எண்ணெய் தொட்டிக்குத் திரும்ப, அங்கே ஏற்கனவே புதியது நிறைந்திருக்க, மிஞ்சியதெல்லாம் மூச்சுக் குழாய் வழியாக வெளியே வந்து என் காற்சட்டையை நனைத்தது. பழைய வண்டி புகைப்பது சகஜம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன். குமராட்சியை நெருங்கும்போது காலுக்கு அடியில் ஓநாய் ஊளையிடுவது போல ஒரு சத்தம். கியரை மாற்றப் பார்த்தேன், மாறவில்லை. கொஞ்ச தூரத்தில் பின்சக்கரம் இழுத்துப் பிடித்தது. எண்ணெய் இல்லாத கியர் பாக்ஸுக்குள்ளே வெண்கலப் புஷ் சூடேறி ஷாஃப்டைக் கவ்விக்கொண்டுவிட்டது. வண்டியைக் குட்டியானையில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தேன். கலியாண வரவேற்பு என்னைப் பார்க்காமலே நடந்து முடிந்தது.

மறுநாள் காலை பட்டறைக்காரர் கியர் பாக்ஸைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுந்தார். பையனின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். “மடப்பயலே, எதுடா இஞ்சின் ஆயில், எதுடா கியர் ஆயில்னு தெரியாதாடா? மடையா!” பிறகு என்னிடம் திரும்பி, “சார், செலவு ஆறாயிரத்து எண்ணூறு ஆவும். நீங்க ஒரு பைசா தர வேணாம். இவன் கூலியிலே வாராவாரம் பிடிச்சுக்கறேன்” என்றார். பையனின் வாரக் கூலி ஆயிரத்து ஐந்நூறு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அடிக்காதீங்க, சின்னப் பையன்” என்றேன். அந்த ஒரு வாக்கியத்தோடு என் தர்மம் முடிந்துவிட்டது. பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

என் நண்பருக்கு இந்தக் கதை இவ்வளவுதான் தெரியும். இவ்வளவு தெரிந்த எவரும் அவர் எழுதியதைப் போலத்தான் எழுதுவார்கள். ஆனால் கதையில் இன்னும் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று காலை பையன் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பேனரை முதலில் வைத்தது இஞ்சினின் பிளக்கில்தான். அதுவும் வயிற்றுப் பள்ளத்துப் பிளக்கில். பழைய எண்ணெய் முழுவதும் அன்று எங்கே தேங்கியிருந்ததோ அதே இடத்தில். நான் பெஞ்சியில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தேன். இந்த வண்டியில் எண்ணெய்த் தொட்டி இஞ்சினின் பின்பக்கத்தில் இருக்கிறது என்று எப்போதோ எங்கேயோ படித்த ஞாபகம் எனக்கு. தினசரியை மடித்து, அதாலேயே சுட்டிக்காட்டி, “அது இல்லேப்பா, பின்னாலே இருக்கும் பாரு, பின்னாலே” என்றேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். “ஸ்டார்ட் பண்ணிச் சூடு பண்ணிட்டுப் பார்க்கலாமா சார்?” என்று கேட்டான். “அதுக்கெல்லாம் நேரம் இல்லே, சீக்கிரம் முடி” என்றேன். அவன் ஸ்பேனரை எடுத்துப் பின்னால் கொண்டுபோனான்.

அவன் செய்ய நினைத்த இரண்டு காரியங்களும் சரி. நான் சொன்ன இரண்டு காரியங்களும் தவறு. அறை விழுந்தது அவன் கன்னத்தில்.

அறை விழுந்தபோதும் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. படித்த மனுஷர், வாடிக்கைக்காரர், பத்திரிகையில் எழுதுகிறவர்; அவர் சொன்னது தப்பு என்று பட்டறைப் பையன் சொன்னால் யார் நம்புவார்கள் என்று அவன் நினைத்திருக்கலாம். அல்லது, நானே சொல்வேன் என்று காத்திருந்திருக்கலாம். இந்த இரண்டாவது எண்ணம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

இப்போது நண்பரின் வாக்கியத்துக்கு வருகிறேன். ‘நாலு எழுத்துப் படிக்காத பயல்’ என்கிறார். அந்தப் பையனுக்குப் படிக்கத் தெரியும். படிக்கக் கொடுக்கத்தான் யாரும் இல்லை. நான் எடுத்துப் பார்த்த வண்டிக் கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அவை யாருக்காக அச்சிடப்படுகின்றன? ஆங்கிலம் படித்தவன் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறான். அவன் ஒரு நாளும் வண்டிக்கு அடியில் படுக்கப் போவதில்லை. வண்டிக்கு அடியில் படுக்கிறவனுக்கோ அந்தப் பாஷை தெரியாது. கண்ணாடி போட்டவன் கண்ணை மூடிக்கொண்டிருக்க, கண் திறந்தவனுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. நான் சிதம்பரத்தில் இரண்டு வருஷம் கல்லூரிக்குப் போய்ப் பாதியில் நின்றவன். ஆனாலும் அந்தக் கையேட்டை என்னால் வாசிக்க முடியும். வாசித்தேனா? அப்பா காலத்திலிருந்து அலமாரியில் இருக்கிற அதை, வண்டி குட்டியானையில் வந்து இறங்கிய அன்று இரவுதான் முதல் தடவையாகத் திறந்தேன். மூன்று வீடுகளும், மூன்று எண்ணெய்களும், பிளக்குகளின் படமும் அதில் இருந்தன. அறிவு என் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அறை அவனுக்கு.

இந்த வண்டி எங்கோ சீமையிலிருந்து நேற்று இறங்கியதல்ல. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா என்று ஆரம்பித்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்தார்கள். ரெட்டிட்சில் தொழில் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூர் நிற்கவில்லை. இங்கிலாந்துக்காரன் மறந்த யந்திரத்தை அரை நூற்றாண்டு வார்த்து, கடைந்து, பூட்டி உலகத்துக்கு அனுப்பியவை தமிழர்களின் கைகள். அதே 1950-களில்தான் தமிழ் வளர்ச்சிக் கழகத்தார், பெரியசாமித் தூரனை ஆசிரியராக வைத்துக் கலைக்களஞ்சியம் வெளியிடத் தொடங்கினார்கள். 1954-லிருந்து 1968-க்குள் பத்துத் தொகுதிகள். நட்சத்திர மண்டலம் முதல் நுண்ணுயிர் வரை அதில் தமிழில் உண்டு. நம்மால் முடியாதது அல்ல. வானத்தைத் தமிழில் எழுதியவர்கள், திருவொற்றியூர் வண்டியின் வயிற்றைத் தமிழில் எழுதி ஒரு பட்டறைச் சுவரில் ஒட்டவேண்டும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

‘தமிழில் எழுதலாம்தான், சொல் எங்கே இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. இவர்களில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, யந்திரத்தைத் தமிழில் சொல்லவே முடியாது என்று கைகழுவிவிடும். இன்னொரு கட்சி, கியர் பாக்ஸுக்கு ஒரு செந்தமிழ்ச் சொல் கண்டுபிடிக்கக் குழு போட்டு, அந்தச் சொல் கிடைக்கும்வரை யாரும் வண்டியைத் தொடக்கூடாது என்று உட்கார்ந்திருக்கும். இரண்டு கட்சிக்கும் பட்டறைக்குள் ஒரு நாள் போய் நிற்கச் சொல்வேன். பையன் ‘கியர் பாக்ஸ்’ என்கிறான், ‘ட்ரெயின் நட்டு’ என்கிறான், ‘கறுப்பு ஆயில்’ என்கிறான். அவன் பேசுவது தமிழ்தான். அவன் சொல்லை அவன் எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள் என்பதுதான் நான் கேட்பது. இதற்குக் குழுவும் வேண்டாம், மாநாடும் வேண்டாம்.

அடுத்தது, ‘மடையன்’ என்ற சொல். அகராதியைப் பார்த்தால் மூடன் என்று ஒரு பொருள். சமையற்காரன் என்று இன்னொரு பொருள். எங்கள் ஊர்க்காரர்கள் இதற்கு மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். ஏரியின் மடையைத் திறப்பவன் என்று. அது சொல்லிலக்கணத்துக்கு ஒத்து வருமா என்பதைப் புலவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வீராணத்தின் கரையில் பிறந்தவனுக்கு அந்த மூன்றாவது பொருள்தான் மனசில் ஒட்டுகிறது.

வீராணம் ஏரியை இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் அறியாதிருக்க முடியாது. ‘பொன்னியின் செல்வ’னின் முதல் அத்தியாயத்தில், ஆடிப் பெருக்கு நாளில், வந்தியத்தேவன் குதிரையில் வருவது இந்தக் கரை மேல்தான். முதல் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், வெட்டி, அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப் பெயரை வைத்த ஏரி. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்து சேருகிறது. கரையோரத்து வயல்களுக்குப் பாய்ந்தது போக, 2004-லிருந்து சென்னைக்காரர்களின் குடத்துக்கும் போகிறது. அந்தக் கரையில் எத்தனை மடைகள்! எந்த மடையைத் திறந்தால் எந்த ஊர் வயல் நனையும், எப்போது எவ்வளவு திறக்கவேண்டும் என்று தெரிந்தவன் தண்ணீர் பாய்ச்சுகிற ஆள். கதிர் முற்றிய வயலுக்குப் போகிற மடையைத் தவறாகத் திறந்தால் ஓர் ஊரின் சோறு அழுகும். அவன் அதைப் புஸ்தகத்தில் படிக்கவில்லை. ஆனால் அவனுக்கு முன்னால் இருந்தவன் அவனைக் கூடவே கூட்டிக்கொண்டு கரை மேல் நடந்து, ஒவ்வொரு மடைக்கும் பேர் சொல்லி, அதன் வாய்க்காலைக் காட்டிக் கொடுத்திருப்பான். ஆயிரம் வருஷமாக ஏரி பிழைத்திருப்பது கல்லாலும் மண்ணாலும் மட்டுமல்ல, அந்தச் சொல்லிக்கொடுத்தலாலும்தான். கரையின் மேட்டில் நாற்காலி போட்டுக்கொண்டு, “அது இல்லேப்பா, பின்னாலே” என்று பத்திரிகையை நீட்டுகிற வழக்கம் அங்கே இருந்திருந்தால் காட்டுமன்னார்கோயில் என்றோ முழுகியிருக்கும்.

‘அப்படியானால் வேலை செய்கிறவனுக்குப் பொறுப்பே கிடையாதா? தப்புச் செய்தவனையெல்லாம் தட்டிக்கொடுக்கவேண்டுமா?’ என்று நண்பர் கேட்பார். நியாயமான கேள்விதான். பொறுப்பு உண்டு. இரண்டு லிட்டருக்கு மேல் பிடிக்கிற இடத்திலிருந்து அரை லிட்டர்தான் வந்தது என்றபோதே பையன் நின்றிருக்கவேண்டும். இஞ்சினிலிருந்து வடிவது கரி கலந்து மை போல இருக்கும். கியர் பாக்ஸ் எண்ணெய் அவ்வளவு கறுத்திருக்காது. நிறத்தைப் பார்த்திருக்கவேண்டும். வடிந்ததை அளந்து பார்த்துவிட்டு ஊற்று என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். ஆனால் அந்தப் பாடத்தை அவனுக்கு யார் சொன்னார்கள்? பட்டறைக்காரர் சொன்னாரா? ‘எடுடா, பிடிடா’ என்பதைத் தவிர அவர் வேறு சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கும் அவருடைய குரு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். தொழில் பழகுகிறவர்களுக்கென்று 1961-லேயே ஒரு சட்டம் வந்தது. பயிற்சி, உதவித்தொகை எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒரு முதலாளியும் ஒரு பையனும் இருக்கிற தெருவோரப் பட்டறையை அது கட்டாயப்படுத்துவதில்லை. நம் ஊர் வண்டிகள் பெரும்பாலும் ஓடுவதோ அந்தத் தெருவோரப் பட்டறைகளால்தான்.

இன்னொன்றும் கேளுங்கள். தப்புச் செய்வதற்கு வசதியாக ஒரு பொருளைச் செய்து வைத்துவிட்டு, தப்புச் செய்தவனை மட்டும் உதைப்பது எந்த ஊர் நியாயம்? நம் வீட்டுச் சுவரில் இருக்கிற மூன்று ஓட்டை மின்சாரப் பிளக்கைப் பாருங்கள். ஒரு கால் பெரியது, மற்ற இரண்டும் சிறியவை. குழந்தைகூட அதைத் தலைகீழாகச் செருக முடியாது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கும் மயக்க வாயு சிலிண்டருக்கும் வாயில் ஊசித் துளைகளை வெவ்வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்ட முயன்றாலும் பொருந்தாது. டாக்டர்கள் படித்தவர்கள்தானே, அவர்களுக்கு எதற்கு இந்த ஏற்பாடு? படித்தவன் கையும் அவசரத்தில் தவறும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. டாக்டருக்குக் காட்டுகிற இந்த இரக்கத்தை மெக்கானிக்குக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்று ஒரு தொழிற்சாலை நிபுணர் இருந்தார். வேலையில் தவறு நேர முடியாதபடி கருவிகளை அமைக்கும் முறையை அவர் பரப்பினார். முதலில் அதற்கு வைத்திருந்த பெயர் ‘பாக்கா யோக்கே’. முட்டாளைத் தடுக்கும் ஏற்பாடு என்று பொருள். 1963-ல் ஒரு கார்ப் பட்டறையில் அந்த ஏற்பாட்டைச் செய்து, பெயரையும் சொன்னபோது, அங்கே வேலை செய்த ஒரு பெண், தான் அவ்வளவு முட்டாளா என்று கண் கலங்கி அழுதுவிட்டாள். ஷிங்கோ அதற்குப் பிறகு பெயரை மாற்றினார். ‘போக்கா யோக்கே’, தற்செயலான தவறைத் தடுக்கும் ஏற்பாடு. ஓர் எழுத்துத்தான் மாறிற்று. ஆனால் குற்றவாளிக் கூண்டிலிருந்து ஆள் இறங்கி, அவன் இடத்தில் தவறு ஏறி நின்றது. இன்று உலகம் முழுவதும் தொழிற்சாலைகளில் அந்தச் சொல் வழங்குகிறது. ஒரு கூலிக்காரப் பெண்ணின் கண்ணீருக்கு மதிப்புக் கொடுத்து ஜப்பான்காரன் ஒரு சொல்லை மாற்றிக்கொண்டான். நாம் இன்னும் ‘மடையா’வில் இருக்கிறோம்.

நம் புல்லட்டே இதற்குச் சாட்சி. பழைய வார்ப்பிரும்பு இஞ்சின் போய், 2010-ஐ ஒட்டி வந்த புதிய இஞ்சினில், இஞ்சின், கியர், கிளட்ச் மூன்றையும் ஒரே கூட்டில் அடைத்து ஒரே எண்ணெயில் ஓட வைத்துவிட்டார்கள். இஞ்சின் எண்ணெய் என்று நினைத்துக் கியர் எண்ணெயை வடிக்கிற தவறு அதில் செய்ய நினைத்தாலும் முடியாது. ஆனால் நம் வீட்டுப் பெண்கள் ஓட்டுகிற கியரில்லாத ஸ்கூட்டரில் இன்றைக்கும் இஞ்சினுக்கு ஓர் எண்ணெய், பின்சக்கரத்துக் கியருக்கு வேறோர் எண்ணெய். இரண்டுக்கும் தனித்தனிப் பிளக். ஒன்றுக்குப் பதில் ஒன்றைக் கழற்றி, என்னைப் போல நடுரோட்டில் நின்றவர்கள் பலர். நாளைக்கு உங்கள் ஸ்கூட்டருக்கும் இது நடக்கலாம். நடந்தால், யாரையாவது ‘மடையா’ என்று சொல்வதற்கு முன், அந்தப் பிளக்குகள் எங்கே இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியுமா என்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் வியாதியின் வேர் எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரியும், சொல்லத்தான் கூச்சம். கையில் கறை படுகிற வேலையைச் செய்கிறவன் தாழ்ந்தவன், கறை படாமல் கட்டளையிடுகிறவன் உயர்ந்தவன் என்பது இந்த மண்ணில் நேற்றுப் பிறந்த எண்ணமல்ல. நந்தனார் பிறந்த ஆதனூர் என்று எங்கள் வட்டாரத்தில்தான் ஓர் ஊரைக் காட்டுகிறார்கள். பறைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் செய்து கொடுத்த கைகள் கோயிலுக்கு வெளியே நின்றன. அந்தப் பறையையும் யாழையும் கேட்டு மகிழ்ந்தவர்கள் உள்ளே இருந்தார்கள். இன்று கதவுகள் சட்டப்படி திறந்துதான் இருக்கின்றன. ஆனால் ஸ்பேனர் பிடித்த கைக்கு ஒரு விஷயம் தெரியும் என்பதை ஒப்புக்கொள்ள நம் மனசின் கதவு திறக்கவில்லை. பையன் என்னை ஒரு தடவை பார்த்தான் என்று சொன்னேனே, அந்தப் பார்வையில் ஒரு சந்தேகம் இருந்தது. ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று நான் கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். கேட்கத் தோன்றவில்லை. கதை எழுதுகிறவனுக்கு, மனுஷ மனசைப் படிக்கிறவன் என்று பேர் வாங்கியவனுக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. “இவனைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்க சார்” என்றார். என் வாக்குமூலத்தைக்கூட என் பெருந்தன்மையாக மாற்றி எனக்கே சூட்டப் பார்த்தார். படித்தவன் தப்புச் செய்தேன் என்று சொன்னாலும் இந்த ஊரில் எடுபடவில்லை! ஆறாயிரத்து எண்ணூறையும் எண்ணி வைத்த பிறகுதான் பேசாமல் வாங்கிக்கொண்டார். பையனிடம், “தம்பி, நான் சொன்னதுதான் தப்பு. அன்னிக்கே சொல்லியிருக்கணும்” என்றேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, “பரவால்லே சார். நானும் அளந்து பார்த்திருக்கணும்” என்றான்.

இவ்வளவு நேர்மையான ஒரு வாக்கியத்தை அந்த நாலு நாளில் வேறு யாரும் சொல்லவில்லை, நான் உட்பட.

பிறகு இருவரும் வண்டிக்கு அடியில் படுத்தோம். எனக்கு நாற்பத்தைந்து வயசு. இந்த வண்டியின் வயிற்றை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அலமாரிக் கையேட்டை நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, அவன் ஒவ்வொரு பிளக்கையும் தொட்டுக் காட்டினான். துடைத்துவிட்டு, இஞ்சினின் இரண்டுக்கும் சிவப்பு, கியர் பாக்ஸுக்கு மஞ்சள், செயின் பெட்டிக்கு நீலம் என்று பெயிண்ட் பூசினோம். எந்த நிறத்துக்கு எந்த எண்ணெய், எவ்வளவு, அளவுக் குச்சியை எப்போது நம்பலாம் என்பதை அவன் கையெழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதிக் கருவிப் பெட்டியின் மூடிக்கு உள்ளே ஒட்டினோம். பெயிண்டுக்கும் காகிதத்துக்கும் ஆன செலவு நூறு ரூபாய்கூட இல்லை.

ஒரு பட்டறைப் பையனும் ஒரு கதைக்காரனும் ஒரு காலை வேளையில் செய்ததை, வண்டி செய்கிறவர்கள் செய்ய முடியாதா? வார்ப்பிலேயே ‘இஞ்சின்’, ‘கியர்’ என்று இரண்டு சொல்லைப் பதித்துவிட முடியாதா? வண்டியோடு தமிழில் நாலு பக்கம் அச்சடித்துக் கொடுக்க முடியாதா? முடியும். கேட்பவர்கள் இல்லாததால் நடக்கவில்லை. கேட்கவேண்டியவர்கள் பணம் கொடுத்து வண்டி வாங்குகிற நாம். நாம் கேட்கமாட்டோம்; பெஞ்சியில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருப்போம்.

சிதம்பரத்து நண்பருக்கு இந்தக் கட்டுரையையே பதிலாக அனுப்புகிறேன். மடையன் கையில் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டேன் என்று வருத்தப்பட்டிருந்தார். ஐயா, ஸ்பேனர் சரியான கையில்தான் இருந்தது. உத்தரவுதான் தவறான வாயிலிருந்து வந்தது.

அந்த வாய் இதோ ஒப்புக்கொள்கிறது.